கோடையின் விலை: கரிசல் வட்டாரமும் உயர்கல்வி நுழைவுத் தேர்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் உயர்கல்வி நுழைவுத் தேர்வுகள் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சட்டம், இட ஒதுக்கீடு, மாநில உரிமை ஆகியவற்றை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. இக்கட்டுரை அவ்வரலாற்றைக் கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் மானாவாரி வட்டாரத்திலிருந்து நோக்குகிறது. தேர்வுக்கான ஆயத்தம் எவ்விடத்தில், ஆண்டின் எம்மாதங்களில், யாருடைய செலவில் நிகழ்ந்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. பள்ளி நடக்கும் காலத்தின் செலவைச் சமூகமும் அரசும் படிப்படியாக ஏற்றுக்கொண்டன. பள்ளி முடிந்த பின்னர்த் தேர்வு கேட்ட காலத்தின் செலவோ குடும்பத்தின் மேலேயே விழுந்தது. 1984 முதல் அக்காலம் ஒரு கோடையாக இருந்தது. நீட் தேர்வுக்குப் பின் அது ஓர் ஆண்டாக நீண்டது.

திறவுச்சொற்கள்: கரிசல், கோவில்பட்டி, நுழைவுத் தேர்வு, நீட், தனிப்பயிற்சி, மகமை, உதவிபெறும் பள்ளி.

1. முன்னுரை

நுழைவுத் தேர்வு நகரத்து மாணவருக்குச் சாதகமானது, கிராமத்து மாணவருக்குப் பாதகமானது என்னும் கூற்று கடந்த நாற்பது ஆண்டுகளாகச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஏடுகளிலும் ஒலித்து வருகிறது. கூற்று பொய்யன்று. ஆயினும் ‘கிராமம்’ என்னும் சொல் இங்கு மிகப் பொதுவாகக் கையாளப்படுகிறது. தஞ்சை ஆற்றுப் பாசன ஊருக்கும் எட்டயபுரம் மானாவாரி ஊருக்கும் உழவு மாதம் வேறு, கூலி மாதம் வேறு. ஒரு வட்டாரத்தின் பிழைப்புக்கும் தேர்வின் கால அட்டவணைக்கும் இடையிலுள்ள உறவைப் பாராமல் பாதகம் எங்கே விளைகிறது என்று சொல்ல இயலாது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய கரிசல் நிலம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டதே இம்மானாவாரி வேளாண்மையின் இயல்பை அறிவதற்காகத்தான். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் வீடு வந்து சேரும். பருத்தி எடுப்பு மட்டும் சித்திரை வரை இழுத்துக்கொண்டு போகும். அதன்பின் நிலம் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் குடும்பத்தைத் தாங்கியது நிலம் அன்று, தீப்பெட்டித் தொழில். மழைக்காலத்தில் மருந்து முக்கிய குச்சியும் ஒட்டிய பெட்டியும் காய்வது தடைப்படும். வெயில் காலத்தில் கைத்தொழில் தடையின்றி நடக்கும். வேளாண்மைக்கு ஓய்வான கோடையே இவ்வட்டாரத்தில் கூலிக்கு ஏற்ற பருவமாயிற்று.

சட்டங்கள், தீர்ப்புகள், குழு அறிக்கைகள் ஆகியவற்றை இப்பருவ ஒழுங்கோடு சேர்த்து வாசிப்பதே இக்கட்டுரையின் முறை.

2. எட்டயபுரத்திலிருந்து காசிக்கு

இவ்வட்டாரத்தில் உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வு பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் நினைவுக்கு வருபவர் சுப்பிரமணிய பாரதியே. இலக்கிய வரலாறு அவரைக் கவிஞராக நினைவுகூர்வதால், கல்விக்குப் பணமில்லாத கரிசல் மாணவர் என்னும் நிலையில் அவரை நோக்கும் வழக்கம் குறைவு. தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவி நட்டப்பட்டவர். மகன் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்றார். 1897 சனவரியில், பதினான்கு வயதில், கல்விக்குப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் மன்னருக்கு அவர் எழுதிய செய்யுட்கடிதமே இன்று கிடைக்கும் அவருடைய எழுத்துகளில் காலத்தால் முந்தியது. தமிழின் பெருங்கவிஞர் ஒருவரின் கிடைத்த முதல் எழுத்தே படிப்புச் செலவுக்கான விண்ணப்பமாக இருப்பது கரிசல் மண்ணுக்குப் பொருத்தமானதுதான்.

1898-இல் தந்தை மறைந்தபின் பாரதி காசியில் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கி, அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பிரவேசப் பரீட்சையில் தேறினார். இங்குக் கருதத்தக்கது தேர்ச்சியைவிடத் தேர்ச்சிக்கு வேண்டியிருந்த ஏற்பாடு. உண்டியும் உறையுளும் தந்து, சம்பாத்தியம் எதிர்பாராமல் சில ஆண்டுகள் தாங்கக்கூடிய ஓர் உறவினர் வீடு வெளியூரில் இருந்தது. இக்கட்டுரையில் இதனை ‘அத்தை வீடு’ என்று குறிப்பது வசதியாக இருக்கும். பின்வந்த காலங்களில் தேர்வின் பெயரும் வடிவும் மாறின. வெளியூரில் ஓர் ‘அத்தை வீடு’ உடையவர், இல்லாதவர் என்னும் பிரிவினை மாறவில்லை.

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வு, பெயரால் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வே எனினும், நடைமுறையில் பள்ளிப் படிப்பின் இறுதித் தேர்வாகவும் இருந்தது. பள்ளியில் கற்பதும் தேர்வுக்கு ஆயத்தமாவதும் ஒன்றே. எனவே தேர்வு யாருக்கு எட்டும் என்பது பள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கரிசல் ஊர்களில் இதற்கு விடை கண்டவை இரண்டு. ஒன்று மிஷன் பள்ளிகள், மற்றொன்று மகமை. வணிகப் பொருளின் மேல் மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறை தண்டிய பொதுநிதியிலிருந்து 1889-இல் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. ராபர்ட் ஹார்டுகிரேவ் நாடார் சமூகம் குறித்த தம் நூலில் (1969) மகமையின் இயக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். கோவில்பட்டி உள்ளிட்ட பல ஊர்களில் உறவின்முறைப் பள்ளிகள் இவ்வழியைப் பின்பற்றின. பஞ்சு மூட்டையும் மிளகாய் வற்றலும் கைமாறும்போது கழிந்த சில காசுகள் பள்ளிக் கட்டடமாயின. பள்ளிக் காலத்தின் செலவை ஒரு சமூகம் தன் பொதுப்பொறுப்பாக ஏற்றமைக்கு இது தொடக்கக்காலச் சான்று. அப்பொறுப்பின் எல்லை சாதியின் எல்லையாகவே பெரிதும் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

3. பள்ளி நாளின் செலவு

விடுதலைக்குப் பின் அப்பொறுப்பை அரசு ஏற்றது. காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டது. பாரதி பிறந்த ஊர் என்பதற்காக அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். பசியை முன்னிறுத்தித் தேர்ந்தெடுத்திருந்தாலும் பிழையாகியிராது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் பள்ளிச் சீரமைப்பு இயக்கம், கட்டணமில்லாக் கல்வி, பின்னர்ப் பேருந்துச் சலுகை என ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பள்ளி நடக்கும் நாளில் பிள்ளையை அனுப்புவதற்கு ஆகும் நேரடிச் செலவு குறைந்தது. பிள்ளை ஈட்டியிருக்கக்கூடிய கூலி மட்டும் கணக்கில் நின்றது.

அக்கூலியை எளிதாக எண்ணிவிட முடியாது. வைகறையில் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளை ஏற்றிவந்த ஆலைப் பேருந்துகளைப் பற்றி 1980-களின் ஆய்வுகள் பேசுகின்றன. சுமித்து கோத்தாரி 1983-இல் எழுதிய கட்டுரையும், மைரன் வீனர் 1991-இல் வெளியிட்ட நூலும் சிவகாசி வட்டாரக் குழந்தை உழைப்பை அனைத்திந்திய விவாதமாக்கின. கோவில்பட்டியை அடுத்த ஆண்டிப்பட்டியைச் சேர்ந்த பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படத்தின் பொருளும் இதுவே. இவ்வெழுத்துகளின் கவனம் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் மேல் குவிந்தது, அது நியாயமானதே. பள்ளிக்குச் சென்றுகொண்டே விடுமுறையில் குச்சி அடுக்கியும், மாலையில் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியும் வந்த மாணவர் அவற்றில் அதிகம் இடம்பெறவில்லை. நுழைவுத் தேர்வு வரலாற்றுக்கு வேண்டியவர் அம்மாணவரே. ஏனெனில் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியவர் அவர்தாம்.

கல்லூரிப் படிப்பு ஊருக்கு வந்ததும் இக்காலத்தில்தான். 1966-இல் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரி தொடங்கியபோது புகுமுக வகுப்புக்காகக் கோவில்பட்டியைவிட்டு வெளியேற வேண்டிய தேவை குறைந்தது. 1978-இல் புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு மேனிலைக் கல்வி பள்ளிக்குள்ளேயே வந்தது. முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு 1980-இல் நடைபெற்றது. கல்லூரி வாயிலுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் பள்ளியின் கூரைக்கு அடியில் அமைந்தன. கரிசல் மாணவருக்கு இது மண்டல் குழு அறிக்கைக்கு ஒப்பான மாற்றம் என்று கூறினால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அதன் விளைவுகள் இன்னும் முறையாக ஆராயப்படவில்லை.

மருத்துவ இடங்களைப் பொறுத்தவரை கதை வேறு. மாவட்ட மக்கள்தொகை விகிதப்படி மருத்துவக் கல்லூரி இடங்களைப் பகிர்ந்தளிக்கும் முறை ஒன்று சென்னை மாநிலத்தில் இருந்தது. பி. ராஜேந்திரன் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் சமத்துவத்துக்கு மாறானதெனச் செல்லாததாக்கியது. ஒரு மாவட்டத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர் விடுபட, வேறு மாவட்டத்தில் குறைந்தவர் சேர இடமுண்டாகும் என்பது நீதிமன்றத்தின் கவலை. அடுத்து வந்த பெரியகருப்பன் வழக்கில், இடங்களைப் பிரிவுவாரியாகப் பகிர்ந்தமையும் நேர்முகத் தேர்வு மதிப்பெண் வழங்கப்பட்ட முறையும் கண்டிக்கப்பட்டன. நேர்முகத் தேர்வில் பரிந்துரையும் செல்வாக்கும் புகுந்தன என்னும் குறை வலுத்த பின்னணியில்தான் எழுத்துத் தேர்வு தூய்மையான மாற்றாகத் தோன்றியது. நுழைவுத் தேர்வைக் கொணர்ந்தவர்களின் நோக்கத்தை ஐயுறுவதற்கு இல்லை. நேர்முகத்தில் தலைகாட்டவே அஞ்சிய கிராமத்து மாணவருக்கு விடைத்தாள் நட்பானது என்று அன்று பலர் நம்பியதில் வியப்பில்லை.

4. 1984

1984-ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தைத் தொட்ட மூன்று நிகழ்வுகளை ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை அறிமுகப்படுத்தியது. அதே அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இசைவளித்தது; அவ்வகையில் தொழிலதிபர் கே. ராமசாமி கோவில்பட்டியை அடுத்துத் தேசியப் பொறியியல் கல்லூரியை நிறுவினார். 1982-இல் தொடங்கியிருந்த சத்துணவுத் திட்டம் 10 முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவருக்கும் விரிவாக்கப்பட்டதும் 1984-இல்தான்.

பொறியியல் கல்லூரி கரிசல் காட்டின் விளிம்புக்கே வந்துவிட்டது. அதற்குள் நுழைவதற்கான ஆயத்தம் மட்டும் கரிசலைவிட்டு வெளியேறிற்று. அரசின் உணவுத்தட்டு பத்தாம் வகுப்போடு நின்றது. தேர்வு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியே இக்கட்டுரையின் பொருள்.

தேர்வின் அமைப்பு பலரும் அறிந்ததே. பன்னிரண்டாம் வகுப்பின் உரிய பாட மதிப்பெண்கள் 200-க்குக் குறைக்கப்பட்டன. நுழைவுத் தேர்வுக்கு 100. மொத்தம் 300-இல் தரவரிசை. அண்ணா பல்கலைக்கழகம் தேர்வை நடத்தியது. வினாக்கள் கொள்குறி வகையின. விரைவும், விடைகளுள் ஒன்றை விலக்கித் தேரும் பழக்கமும் வேண்டுவன. பள்ளியில் கற்பித்ததோ பத்தி பத்தியாக எழுதும் விடை. பாடம் ஒன்றே எனினும் பயிற்சி வேறு. அப்பயிற்சிக்குக் கிடைத்த காலம் மார்ச்சு மாதப் பொதுத்தேர்வுக்கும் அதனை அடுத்துக் கோடையில் நடந்த நுழைவுத் தேர்வுக்கும் இடைப்பட்ட சில வாரங்கள்.

பங்குனியும் சித்திரையும்: பருத்தி எடுப்பு முடியும் நேரம், தீப்பெட்டி வேலை தடையின்றி ஓடும் நேரம், பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையின் உழைப்பைக் குடும்பம் எதிர்பார்க்கும் நேரம். அதே வாரங்களில் மதுரையிலோ திருநெல்வேலியிலோ தங்கித் தனிப்பயிற்சி பெற வேண்டும் என்றது தேர்வு. பயிற்சிக் கட்டணம் ஒன்று, விடுதிச் செலவு ஒன்று, இழந்த கூலி ஒன்று. முதலிரண்டையும் பற்றி அரசியல் மேடையில் நிறையப் பேசப்பட்டது. மூன்றாவது செலவு எந்தக் குழு அறிக்கையிலும் தனித் தலைப்பாக இடம்பெறக் காணோம். தஞ்சை உழவர் குடும்பத்து மாணவருக்கும் முதலிரண்டு செலவுகள் உண்டு. மூன்றாவது கரிசலுக்கே உரிய சுமை.

இதற்கு முன்பே ஊர்களில் டுடோரியல்கள் இருந்தன என்று ஒருவர் மறுக்கலாம். உண்மை. அவை தோற்றவர்க்கான இடம். பள்ளியிறுதித் தேர்விலோ புகுமுக வகுப்பிலோ தவறியவர் மீண்டும் எழுதுவதற்கு ஒதுங்கிய கூடம். 1984-க்குப் பின் தேறியவரும், அதிலும் வகுப்பில் முதலாவதாகத் தேறியவரும், பயிற்சி நிலையத்தை நாட வேண்டியதாயிற்று. தனிப்பயிற்சியின் சமூக மதிப்பு தலைகீழாக மாறியது இங்கேதான்.

கிராமத்து மாணவருக்கு ஈடுசெய்யும் முயற்சிகள் 1990-களில் தொடங்கின. கூடுதல் மதிப்பெண் வழங்கும் முயற்சி நிலைக்கவில்லை. பின் 15 விழுக்காடு ஊரக ஒதுக்கீடு வந்தது. 2001-இல் அது 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டபோது சென்னை உயர் நீதிமன்றம் செல்லாததெனத் தீர்ப்பளித்தது. சட்டக் குறையை ஒருபுறம் வைத்தாலும் அவ்வொதுக்கீட்டின் அளவுகோலில் ஒரு வட்டாரச் சிக்கல் இருந்தது. மாணவர் குடியிருக்கும் ஊரை விட்டுவிட்டு, பயின்ற பள்ளி அமைந்த இடத்தையே அது கணக்கிட்டது. கரிசல் ஊர்களில் மேனிலைப் பள்ளி அரிது. இடைசெவல் போன்ற ஊரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கோவில்பட்டிப் பள்ளிக்கு வந்த மாணவர், பள்ளி நகராட்சி எல்லைக்குள் இருந்தமையால் கணக்கில் நகரத்தவராகிவிடுவார். புழுதியோடு வந்தவரை நகரத்தவர் என்று பதிவு செய்த அளவுகோல் அது.

இதே காலத்தில் பிள்ளைகளின் உழைப்பு மெல்லக் குறைந்து வந்ததையும் குறிப்பிட வேண்டும். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பணியமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த ஆணையிட்டதும், இயந்திரங்களின் வரவும் சேர்ந்து ஆலையில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தன. கோடை ஒருவாறு விடுபட்டது. விடுபட்ட கோடையை நிரப்பப் பணம் வேண்டியிருந்தது. அப்பணத்தைத் தாய் ஆலையில் ஈட்டினார்.

5. கோடை திரும்பிய பத்தாண்டு

2005-இல் ஜெயலலிதா அரசு அரசாணை மூலம் நுழைவுத் தேர்வை நீக்க முயன்றது; உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2006 தொடக்கத்தில் இயற்றிய சட்டமும் நிலைக்கவில்லை. கருணாநிதி அரசு மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையின்மேல் சட்டம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2007 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. 2007-08 சேர்க்கை முதல் 300 என்பது 200 ஆயிற்று.

2005 அரசாணையில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு கூறு உண்டு. நுழைவுத் தேர்வோடு, மேம்பாட்டுத் தேர்வு மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கு ஏற்பதையும் அது நீக்க முற்பட்டது. தேறிய பாடத்தை மறு ஆண்டில் மீண்டும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்வதே மேம்பாட்டுத் தேர்வு. ஓர் ஆண்டு வீட்டில் இருந்து படிக்கக் கூடியவருக்கே அது பயன்படும். நுழைவுத் தேர்வையும் மேம்பாட்டுத் தேர்வையும் ஒரே ஆணையில் சேர்த்தவர்கள், இரண்டுமே காலத்தை விலைக்கு வாங்கும் வழிகள் என்பதை உணர்ந்திருந்தார்கள் என்றே கருதத் தோன்றுகிறது.

2007 முதல் 2016 வரையான காலத்தைப் பொற்காலமாகக் கூறும் போக்கு நீட் எதிர்ப்புச் சொல்லாடலில் பரவலாக உள்ளது. அதனை முழுமையாக ஏற்க இயலவில்லை. ஆயத்தம் பள்ளிக்குத் திரும்பியது என்பது உண்மை. எப்பள்ளிக்கு என்று கேட்க வேண்டும். நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. சென்டம் என்னும் சொல் வீட்டுச் சொல்லாயிற்று. புளூபிரிண்ட் பார்த்து எந்த இயலில் எத்தனை மதிப்பெண் வினா வரும் என்று கணித்துப் படிப்பது கல்வி என்று பெயர் பெற்றது. நீட் வருவதற்கு முன்பே அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவரின் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடாகவே இருந்தது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு 2017-18-இல் கொணரப்பட்டதே இச்சீர்கேட்டைத் திருத்துவதற்காகத்தான்.

எனினும் ஒரு வேறுபாடு இருந்தது. சென்டம் முறையின் செலவு இரண்டு பள்ளி ஆண்டுகளோடு முடிந்தது. பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் மாணவர் ஊர் திரும்பலாம். பொறியியலைப் பொறுத்தவரை இடங்கள் பெருகிவிட்டமையால் போட்டியின் கூர்மையே மழுங்கியிருந்தது. 1984-இல் ஊருக்கு வந்த கல்லூரிக்குள் கரிசல் மாணவர் பெரும் எண்ணிக்கையில் நுழைந்ததும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-இல் வந்ததும் இப்பத்தாண்டிலேயே. மருத்துவத்தின் வாயில் அவ்வளவு அகலவில்லை.

6. கோடை ஆண்டாக நீண்டமை

நீட் தேர்வின் சட்ட வரலாற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2016-இல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாடு ஓராண்டு விலக்குப் பெற்றது. 2017-இல் மாநிலத்துக்குள் வந்தது. இப்பகுதியின் நோக்கில் கருதத்தக்கன இரண்டு.

முதலாவது மொழி. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், மதுரை அமர்வு தமிழில் எழுதியோர்க்கு 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. சிறுத்தை இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ இருந்த வினாத்தாள் அது. தமிழ்வழி மாணவருக்கு அறிவியல் தெரியாது என்று கூறுபவர்கள் அவ்வினாத்தாளை ஒருமுறை வாசிப்பது நலம். நீதிநாயகம் ஏ.கே. ராஜன் குழு (2021) தந்த தரவுகளின்படி, மருத்துவப் படிப்பில் சேர்ந்த தமிழ்வழி மாணவரின் பங்கு நீட்டுக்கு முன்னிருந்த ஏறத்தாழ 15 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது.

இரண்டாவது காலம். அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் இக்கட்டுரைக்கு மையமான எண் ஒன்று உள்ளது. 2016-17-இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவருள் மறுமுறை முயன்றவர் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. அதாவது, பள்ளியை முடித்த ஆண்டிலேயே சேர்வது விதியாக இருந்த நிலை மாறி விலக்காயிற்று. 2019-இல் உயர் நீதிமன்றத்தின் முன் அரசு வைத்த விவரம் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது: அவ்வாண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் தனிப்பயிற்சி இன்றிச் சேர்ந்தவர் 48 பேர்.

கரிசல் குடும்பத்தின் கணக்கில் இவ்வெண்களுக்குப் பொருள் என்ன? நுழைவுத் தேர்வுக் காலத்தில் ஒரு பங்குனி, சித்திரைக் கூலியைத் துறந்தால் போதும். இப்போது ஒரு முழுச் சுற்று: ஒரு விதைப்பு, ஒரு மழை, ஓர் எடுப்பு, மீண்டும் ஒரு கோடை. பதினெட்டு வயதில் அது பெரியவரின் கூலி. பெண் பிள்ளையாயின் அவ்வோராண்டு திருமணப் பேச்சை எதிர்த்து நிற்க வேண்டிய ஆண்டும் ஆகிறது. இதனை எந்தத் தரவுத்தொகுப்பும் எண்ணவில்லை. அரசு 2017-இல் ‘தொடுவானம்’ திட்டத்தின்கீழ் 412 மையங்களில் இலவசப் பயிற்சி அறிவித்தது. பள்ளி ஆண்டுக்குள் வார இறுதிகளிலும் விடுமுறையிலும் நடக்கும் பயிற்சி, ஓராண்டு முழுதும் தங்கிப் படிப்பவரோடு போட்டியிட வேண்டியிருந்தது. பயிற்சியை இலவசமாக்கலாம், காலத்தை இலவசமாக்குவது அவ்வளவு எளிதன்று.

7. ஏழரை விழுக்காடும் உதவிபெறும் பள்ளியும்

நீதிநாயகம் பொ. கலையரசன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2020-இல் இயற்றப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேறியவருக்கு இடமளிக்கிறது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 மருத்துவ, பல்மருத்துவ இடங்கள் அதன்வழிக் கிடைத்தன. இத்தொடர் வரலாற்றில் அச்சட்டத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. மாணவர் தேர்வுக்கு முந்திய கோடையை எங்கே கழித்தார் என்பதைவிட, அதற்கு முந்திய ஏழு ஆண்டுகளை எங்கே கழித்தார் என்பதை அது கணக்கில் எடுக்கிறது. ஊரக ஒதுக்கீட்டின் அளவுகோலைவிடச் செப்பமானது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது.

அதே தீர்ப்பில், அரசு உதவிபெறும் பள்ளி மாணவரையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை மறுக்கப்பட்டது. சட்டநோக்கில் வகைப்பாடு சரியாக இருக்கலாம். கரிசல் வட்டாரத்தில் அது வேறு விளைவைத் தருகிறது. மேலே கண்டவாறு, இங்குக் கல்வியைப் பரப்பியதில் மகமைப் பள்ளிகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் பெரும்பங்கு உண்டு. அவற்றுள் பல இன்று உதவிபெறும் பள்ளிகள். தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் மகள் அருகிலுள்ள அத்தகைய பள்ளியில் சேர்வது விருப்பத்தால் மட்டுமன்று. பல ஊர்களில் நடந்து செல்லும் தொலைவில் உள்ள பள்ளி அதுவே. அரசு வேறு பள்ளி கட்டாமல் விட்டதும் அப்பள்ளி இருந்த காரணத்தாலாக இருக்கலாம். சமூகம் முன்வந்து அரசின் சுமையைக் குறைத்த ஊரில், அச்சமூகத்தின் ஏழைப் பிள்ளைக்கும், அதே பெஞ்சில் அமரும் பிற சாதி ஏழைப் பிள்ளைக்கும் ஒதுக்கீடு எட்டவில்லை.

2022 சனவரியில் மாநிலத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று விருதுநகரில் அமைந்தது. 1889-இல் மகமைப் பணத்தில் சத்திரிய வித்தியாசாலை எழுந்த அதே ஊர். கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். 1984-இல் பொறியியல் கல்லூரி வந்தபோது நிகழ்ந்தது மருத்துவத்திலும் நிகழ்ந்திருக்கிறது: கல்லூரி அருகில் வந்துவிட்டது, அதற்கான ஆயத்தம் தொலைவுக்குச் சென்றுவிட்டது. அக்கல்லூரியின் சேர்க்கைப் பட்டியல்களை இவ்வட்டாரத்து அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி வருகைப் பதிவேடுகளோடு ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, ஒவ்வொரு மாணவரும் பள்ளியை முடித்த மாதத்துக்கும் கல்லூரியில் சேர்ந்த மாதத்துக்கும் இடையில் எத்தனை மாதங்கள், அம்மாதங்களில் அவர் எவ்வூரில் இருந்தார், வீட்டில் யார் வேலைக்குச் சென்றார் என்று எண்ணத் தொடங்க வேண்டியிருக்கிறது.